பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர்களை மற்ற மதத்தார் எப்படிப் பார்க்கிறார்கள்?

"ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோர், ஓடின், ஜீயஸ் என்று பழைய தெய்வங்களை மறுபடி கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்களாமே, அவர்களைக் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் நம்மவர்களும் எப்படிப் பார்க்கிறார்கள்? சாத்தான் கூட்டம் என்றா, வேடிக்கை என்றா, இல்லை மதம் என்றே ஒத்துக்கொள்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பல தெய்வ வழிபாட்டைப் பற்றி எந்த மத நூல் என்ன சொல்கிறது என்பது கேட்டவருக்கே தெரிந்திருக்கும். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது கேள்வியின் கடைசித் துண்டைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒப்பீட்டுச் சமயவியல் படித்து, அதையே பல வருடம் கல்லூரியில் பாடமாக நடத்தியவன் நான். பேகன் (பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர்களை இப்படித்தான் சொல்கிறார்கள்) இல்லை, அவர்கள் நடுவில் வாழ்ந்ததும் இல்லை. எனக்குக் கையில் இருப்பவை நீதிமன்றத் தீர்ப்புகள், நாடாளுமன்ற முடிவுகள், திருச்சபைக் கடிதங்கள், மக்கள்தொகைக் கணக்கு ஆகியவை. காகிதத்தில் இருப்பதை உறுதியாகச் சொல்வேன். ஒரு பிஷப்பின் மனதில் என்ன ஓடியது என்பதெல்லாம் என் ஊகம், அதை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சரி, யார் இந்தப் பேகன்கள்? (மயிலுக்குப் போர்வை தந்த நம் பேகனுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) இது ஒரே மதம் இல்லை, பல மதங்களுக்கான பொதுப்பெயர். விக்கா (நவீன சூனிய வழிபாடு), டிரூயிட் மரபு (பழைய கெல்டியப் பூசாரிகளின் பெயரில் வந்தது), தோர், ஓடின் முதலிய வட ஐரோப்பியத் தெய்வங்களை வணங்கும் ஐஸ்லாந்தின் ஆசாத்ரூ, லித்துவேனியாவின் ரொமுவா, கிரேக்கத்தின் ஹெலனிய வழிபாடு, ரஷ்யாவின் ரோத்னோவெரி எல்லாம் அதற்குள் வருகின்றன. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தங்கள் மதம் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இவர்கள் எவ்வளவு பழையவர்கள் என்பது தனி வம்பு. விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1900இல் சின்னப் பையனாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, அப்புறம் போர்னியோ, மலாயா என்று சுற்றிவிட்டுப் போனவர். பிரிட்டனில் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் அவர் தைரியமாக வெளியே வந்தார். விக்கா, கற்காலத்திலிருந்து அறுந்துபோகாமல் வந்த வழிபாடு என்ற கதையை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை, படித்த விக்காக்காரர்களே பலர் ஏற்பதில்லை. லித்துவேனியாவின் நிலைமை கொஞ்சம் வேறு. அந்த நாடு ஞானஸ்நானம் பெற்றதே 1387இல். நாட்டுப்பாட்டிலும் சடங்கிலும் பழையது நிறையத் தங்கியிருந்தது. பூசாரிகளும் கோயில்களும் மட்டும் தங்கவில்லை.

நான் படித்தவரையில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். காட்டுக்குள் போய் நெருப்பு மூட்டிக் கும்பிடுகிறவரை இவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அரசின் பதிவேட்டில் பெயர், கல்யாணம் பண்ணிவைக்கும் உரிமை, கல்லறையில் ஒரு சின்னம், பல மதத்தார் கூடும் மேசையில் ஒரு நாற்காலி, இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்கும்போதுதான் மற்றவர்களின் உண்மையான பார்வை வெளியே வருகிறது. ஆகவே பிரசங்கங்களை ஒதுக்கிவிட்டு, அந்தமாதிரி சமயங்களைப் பார்ப்போம்.

இதற்கு லித்துவேனியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. யோனாஸ் டிரின்கூனாஸ் என்ற நாட்டுப்புறவியல் அறிஞரும் நண்பர்களும் 1967இல் கெர்னவே என்ற பழைய தலைநகரில் கோடைச் சங்கராந்தியைக் கொண்டாடினார்கள். அது சோவியத் காலம். கொஞ்ச நாளில் கூட்டம் கலைக்கப்பட்டது, 1973இல் அவருக்கு வில்னியஸ் பல்கலைக்கழக வேலையும் போயிற்று. அதாவது இவர்களை முதலில் எதிர்த்தது எந்தத் திருச்சபையும் இல்லை, கடவுளே இல்லை என்ற அரசு. சுதந்திரத்துக்குப் பின் 1992இல் ரொமுவா பதிவானது. அந்நாட்டுச் சட்டத்தில் மதங்களுக்குப் படிநிலை உண்டு. கத்தோலிக்கர், லூத்தரன்கள், ஆர்த்தடாக்ஸ், யூதர், சுன்னி முஸ்லிம்கள், கரைட்டுகள் (யூத மரபிலிருந்து பிரிந்த சிறு குழு) உட்பட ஒன்பது சமூகங்கள் 'மரபுவழி' என்ற மேல்தட்டு. முதல் பதிவிலிருந்து 25 ஆண்டு கழிந்தால் மற்றவர்கள் 'அரசு அங்கீகாரம்' கேட்டு நாடாளுமன்றத்துக்குப் போகலாம். கிடைத்தால் அவர்கள் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும், பள்ளிகளில் தங்கள் சமயத்தைக் கற்பிக்கலாம். ரொமுவா 25 ஆண்டு காத்திருந்துவிட்டு 2017இல் விண்ணப்பித்தது. நீதி அமைச்சகம் தகுதி இருக்கிறது என்றது. 2019 ஜூனில் நாடாளுமன்றம் தர மறுத்துவிட்டது.

அதற்கு முன்னால் கத்தோலிக்க ஆயர் பேரவை, அங்கீகாரம் தர வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அவையில், இது மதமே இல்லை, நாட்டுப்புறக் கலைக் குழு என்று சிலர் பேசினார்கள். சோவியத் உளவுத்துறையோடு தொடர்பு என்றுகூடப் பேச்சு வந்தது. அந்த ஆட்சியில் வேலை இழந்தவர் தொடங்கிய அமைப்பைப் பற்றி இப்படி ஒரு பேச்சு! வழக்கு ஸ்ட்ராஸ்பர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஜூன் 8 அன்று தீர்ப்பு ரொமுவாவின் பக்கம் வந்தது. பெரும்பான்மையினர் ஒரு மதத்தைப் பின்பற்றுகிறார்கள் என்பதோ, அந்த மதத்தின் தலைமை எதிர்க்கிறது என்பதோ இன்னொரு மதத்துக்கு உரிமையை மறுக்க நியாயமான காரணம் ஆகாது என்பதுதான் அதன் சாரம். அப்படியும் உடனே காரியம் நடக்கவில்லை, 2024 டிசம்பரில்தான் அங்கீகாரம் வந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்தப் பழைய சமயத்தைச் சொன்னவர்கள் சுமார் 5,100 பேர். பெரும்பான்மை கத்தோலிக்கராக உள்ள நாட்டில் 5,000 பேரைக் கண்டு ஆயர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? என் ஊகம் இது: ஆள் எண்ணிக்கை அவர்களைப் பயமுறுத்தவில்லை. லித்துவேனியன் என்றால் கத்தோலிக்கன் என்பது சோவியத் காலத்தில் ரத்தம் சிந்திக் காத்த அடையாளம். 'உங்களுக்கு முன்னால் இங்கே நாங்கள் இருந்தோம்' என்று ஒருவர் வந்து நிற்பது அதில் கை வைக்கிறது.

ஐஸ்லாந்தில் இதே கதை சிரிப்போடு நடந்தது. கி.பி. 1000 வாக்கில் அந்நாட்டு மன்றமான அல்திங் கூடி, சண்டை வேண்டாம், எல்லாரும் கிறித்தவர் ஆகிவிடுவோம் என்று முடிவு செய்தது. ரகசியமாகப் பழைய பலி கொடுத்துக்கொள்ளலாம், குதிரைக்கறி தின்னலாம் என்று கொஞ்ச காலத்துக்குச் சலுகையும் இருந்தது. 1972இல் ஸ்வெயின்பியோர்ன் பெயின்டெயின்சன் என்ற விவசாயியும் சில நண்பர்களும் ஆசாத்ரூ சங்கத்தைத் தொடங்கிப் பதிவு கேட்டார்கள். அவர் பழைய மரபுப் பாட்டுகளைப் பாடுகிற கவிஞரும்கூட. அந்நாட்டு லூத்தரன் திருச்சபையின் பிஷப் வெளிப்படையாகவே எதிர்த்தார். இவர்கள் அமைச்சரைப் பார்த்துவிட்டு வந்த கையோடு இடி இடித்து ஊரில் மின்சாரம் போனது என்று ரெய்க்யவிக்கில் இன்றும் சொல்வார்கள். இடிக்கு அதிபதி தோர் அல்லவா! 1973இல் பதிவு கிடைத்தது. அங்கே பதிவு பெற்ற மதச் சங்கத்துக்கு உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது, திருமணமும் நடத்தலாம். ஆக, பதிவு என்பது வெறும் கௌரவம் இல்லை, கஜானாவும்கூட. நாலு லட்சத்துக்கும் குறைவான மக்கள் உள்ள நாட்டில் இன்று சங்கத்துக்கு 5,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பாதி கிண்டலாகவும் பாதி பெருமையாகவும் அண்டை அயலார் இவர்களைப் பார்ப்பதாக அங்கே போய்வந்த ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

ஆர்த்தடாக்ஸ் நாடுகளில் இந்தச் சிரிப்பு கிடையாது. கிரேக்கத்தில் ஜீயஸை வணங்கும் குழுவினர் 2007 ஜனவரியில் ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாட்டில் சடங்கு செய்தபோது, செத்துப்போன மதத்துக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்கிற தொனியில் பாதிரியார்கள் கடுமையாகப் பேசினார்கள். ரஷ்யாவில் முதற்பெரும் தந்தை இரண்டாம் அலெக்ஸி 2004இல் புதுப் பேகனியத்தைப் பயங்கரவாதத்தோடு சேர்த்து இந்த நூற்றாண்டின் பெரிய அபாயங்களில் ஒன்று என்றார். 1993இல் சிகாகோவில் உலகச் சமயங்களின் பேரவை கூடியபோது (விவேகானந்தர் பேசிய அதே பேரவையின் நூற்றாண்டு விழா) பேகன்கள் வந்திருந்ததைக் காரணமாகக் காட்டி ஆர்த்தடாக்ஸ் குழு வெளியேறியது. அதே சிகாகோவில் அதே வாரம் மற்ற மதத்தார் பலர் பூங்காவில் நடந்த பேகன்களின் பௌர்ணமிச் சடங்கில் போய்க் கலந்துகொண்டார்கள். பின்னாளில் அந்தப் பேரவையின் நிர்வாகக் குழுவிலேயே பேகன்கள் உட்கார்ந்தார்கள்.

அமெரிக்காவில் பகையும் நட்பும் ஒரே மதத்துக்குள்ளேயே இருக்கின்றன. விக்காவும் அரசியல் சட்டம் பாதுகாக்கும் மதம்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 1999இல் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் ராணுவ முகாமில் விக்கா வீரர்கள் சடங்கு செய்வது செய்தியானதும், அதை நிறுத்தச் சொல்லி பாப் பார் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கிளம்பினார். பழமைவாதக் கிறித்தவ அமைப்புகள் சில, கிறித்தவர்கள் யாரும் ராணுவத்தில் சேர வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு இரண்டே நாள் கழித்து, தொலைக்காட்சிப் பிரசங்கி ஜெர்ரி ஃபால்வெல் இதற்குக் காரணமானவர்கள் என்று போட்ட பட்டியலில் பேகன்களும் இருந்தார்கள். பிறகு ஆப்கானிஸ்தானில் இறந்த ஒரு விக்கா வீரரின் நினைவுக்கல்லில் ஐந்து முனை நட்சத்திரத்தைப் பொறிக்க அரசு இழுத்தடித்தது. வழக்குப் போட்டு 2007இல்தான் அனுமதி கிடைத்தது. அந்த வழக்கை நடத்திய அமைப்பின் தலைவர் பாரி லின் ஒரு புராட்டஸ்டன்ட் போதகர்! இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியானாவில் மணமுறிவு வழக்கு ஒன்றில், தாய் தந்தை இருவருமே விக்காவாக இருந்தும், பிள்ளைக்கு அதைக் காட்டக்கூடாது என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005இல் மேல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், பிள்ளை விஷயத்தில் நீதிபதி முகம் சுளித்தால் என்ன செய்வது?

கேட்டவர் 'சாத்தான் கூட்டமா' என்று கேட்டாரே, அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் காலம் சொல்லலாம். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒரு பீதி பிடித்தது. ரகசியச் சாத்தான் சடங்குகளில் குழந்தைகளைக் கொடுமை செய்கிறார்கள் என்று புகார். பிரிட்டனில் ராச்டேல், ஆர்க்னி போன்ற இடங்களில் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனார்கள். சாத்தானையே நம்பாத பேகன்கள் மீதும் அந்தச் சேறு விழுந்தது. அரசு கேட்டுக்கொண்டு மானுடவியலாளர் ஜீன் லா ஃபான்டைன் ஆராய்ந்து 1994இல் அறிக்கை தந்தார். சாத்தான் சடங்குக் கொடுமைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றது அது. சாத்தான் என்பவன் கிறித்தவக் கதையில் வரும் ஆள், ஓடினைக் கும்பிடுகிறவனுக்கு அவன் தேவையே இல்லை. இவ்வளவும் எழுத்தில் வந்தபிறகும் பல சுவிசேஷச் சபைகளில் இன்றும் அது வேறு, இது வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கே எல்லாமே பேய்தான்.

பிரிட்டனில் மேல்மட்டம் மெதுவாக இறங்கி வந்தது. டிரூயிட் வலையமைப்பு என்ற சங்கத்தை 2010இல் அறக்கட்டளை ஆணையம் மத அறக்கட்டளையாகப் பதிவு செய்தது. பல மதத்தார் சேர்ந்த தேசிய அமைப்பு 2012இல் அதை உறுப்பினராக்க மறுத்து, 2014இல் சேர்த்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் கதை இதைவிட வேடிக்கை. 2002இல் வேல்ஸின் தேசியக் கலைவிழாவில் அவருக்கு டிரூயிட் பாணி வெள்ளை அங்கி மாட்டிக் கவிஞர் அவையில் சேர்த்தார்கள். உடனே, ஆங்கிலிக்கன் தலைமைப் பீடமான கேன்டர்பரிக்குப் போகப்போகும் பேராயர் பேகனாகிவிட்டார் என்று சிலர் கூச்சல் போட்டார்கள். இது வெல்ஷ் மொழிக்கான கௌரவம், இதில் வழிபாடு எதுவும் இல்லை என்று அவர் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கவிஞர் அவையே 1792இல் லண்டனில் ஒருவர் புதிதாகக் கற்பனை செய்து தொடங்கியதுதான்.

முஸ்லிம்களும் யூதர்களும் பற்றி நான் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் நேருக்கு நேர் மோதிய பெரிய நிகழ்ச்சிகள் குறைவு. இஸ்லாத்தில் இது இணைவைத்தல், மனம் திருந்தாமல் இறந்தால் மன்னிப்பே இல்லாத பெரும்பாவம். கிறித்தவருக்கும் யூதருக்கும் இருக்கும் 'வேதக்காரர்' என்ற இடம் இவர்களுக்குக் கிடையாது. அதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஐரோப்பிய முஸ்லிமும் பேகனும் சிறுபான்மையினர், இருவரும் ஒரே மாதிரி சட்டப் பாதுகாப்பை நம்பி வாழ்கிறவர்கள். மேலே சொன்ன ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு போன்றவை நாளைக்கு ஒரு பள்ளிவாசலுக்கும் உதவும். யூத மரபிலும் அந்நிய வழிபாடு அறவே விலக்கப்பட்டது, யூதச் சட்ட நூலான தால்மூதில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதே சமயம், அமெரிக்கப் பெண்தெய்வ வழிபாட்டு இயக்கத்தின் பெரிய பெயரான ஸ்டார்ஹாக் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

யூதர்களின் உண்மையான கவலை வேறு ஒன்று. ஜெர்மானியப் பழந்தெய்வங்களையும் ரூன் என்ற அவர்களின் பழைய எழுத்துகளையும் நாஜிகள் கையிலெடுத்தார்கள், இன்றும் வெள்ளை இனவாதிகள் கையிலெடுக்கிறார்கள். இந்த அச்சம் வீண் அச்சம் இல்லை. மினசோட்டாவில் மர்டாக் என்ற சிற்றூரில் 2020இல் ஒரு பழைய லூத்தரன் தேவாலயத்தை ஆசாத்ரூ ஃபோக் அசெம்ப்ளி என்ற அமைப்பு வாங்கியது. ஐரோப்பிய வம்சத்தாருக்கு மட்டுமே அங்கே இடம். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், ஆனால் மதச் சுதந்திர வழக்குக்குப் பயந்து ஊராட்சி அனுமதி கொடுத்தது. இந்த அமைப்போடு எங்களுக்கு உறவில்லை என்று 2016இலேயே உலகெங்கும் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஓடின் வழிபாட்டுக் குழுக்கள் கையெழுத்துப் போட்டு அறிவித்திருந்தன. ஐஸ்லாந்துச் சங்கம் ஒருபால் இணையருக்குத் திருமணம் நடத்துகிறது. அதற்காக 2015இல் அவர்களுக்கு வந்த வசைக் கடிதங்கள் பிஷப் அலுவலகத்திலிருந்து வரவில்லை, வெளிநாட்டு ஓடின் பக்தர்களிடமிருந்து வந்தன. அதனால் ஒரு யூதரோ கறுப்பினத்தவரோ ரூன் பதக்கம் போட்டவரைக் கண்டு ஒதுங்கினால், அதை மதவெறுப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக நம்மவர்கள். விளக்கேற்றி, மரத்தைச் சுற்றி, நெருப்பில் படைத்துக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டதும் 'அட, நம்மைப் போலத்தானே' என்று தோன்றும். கிராம தெய்வங்களோடு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பான உணர்வு, ஓரளவு சரியும்கூட. அமைப்பளவிலும் உறவு உண்டு. 1998இல் வில்னியஸில் இனவழிச் சமயங்களின் உலகப் பேராயம் தொடங்கியபோது அதற்கு இந்து அமைப்புகளின் வாழ்த்தும் பங்கேற்பும் இருந்தன. 2003இல் மும்பையில் உலகத்தின் பழஞ்சமயப் பெரியவர்களை அழைத்து மாநாடு நடத்தியவர்கள் சங்கப் பரிவாரத்துக்கு நெருக்கமானவர்கள். இந்த நட்பில் பக்தி எவ்வளவு, மதமாற்ற எதிர்ப்பு அரசியல் எவ்வளவு என்பதை யாரும் அளந்து சொல்லிவிட முடியாது, இரண்டும் இருக்கிறது என்பது என் கருத்து. எல்லாமே வேதத்திலிருந்து பிரிந்த கிளைகள் என்று நம்மவர்கள் பேசும்போது, நாங்கள் யாருடைய கிளையும் இல்லை என்று நினைக்கும் பேகன்களுக்குச் சங்கடம்தான். மறுபக்கம், மேற்கத்தியச் சடங்குகளில் காளியைக் கோபத்துக்கும் பாலியல் விடுதலைக்கும் ஒரு சின்னமாக மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதைக் கண்டு அங்கே வாழும் இந்துக்கள் பலர் எரிச்சல்படுகிறார்கள். 1993இல் அமெரிக்காவின் லகோட்டா பழங்குடியினர் தங்கள் சடங்குகளைப் போலி செய்து விற்பவர்கள் மீது 'போர்' என்றே பிரகடனம் செய்தார்கள். இந்துக்களின் எரிச்சல் அந்த அளவுக்குப் போனதில்லை. ஆக, கேட்டவருக்கு என் பதில்: அரசுகளும் நீதிமன்றங்களும் பெரும்பாலும் மதம் என்று ஒத்துக்கொண்டுவிட்டன, திருச்சபைகளில் பாதி ஒத்துக்கொண்டு மீதி முணுமுணுக்கின்றன, இந்துக்கள் கேட்காமலேயே உறவு கொண்டாடுகிறார்கள். விக்காக்காரர், ரொமுவாக்காரர், ஓடின் பக்தர் மூவரையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் மூன்று வேறு பதில்கள் எழுதியிருப்பேன்.